மடிக்கார் ஆம்ப்ரோஸ்

வைத்தீஸ்வரய்யர் காலமான பின்பு அவருடைய காரை வாங்க வந்த சிக்கமகளூர் காப்பித்தோட்ட முதலாளி, பானெட்டைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தும் பார்த்தார். கடைசியில் கும்பிடாத குறையாக நின்றுவிட்டார். இத்தனை வருஷம் ஆன வண்டியில் ஒரு கீறல் கிடையாது, ஒரு நெளிவு கிடையாது. டயரில் போட்ட கோடுகள்கூட அப்படியே இருந்தன. எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று அவர் வீட்டுக்காரர்களைக் கேட்டுக் கேட்டு மாய்ந்துபோனாராம்.

இதில் மாய்ந்துபோக ஒன்றுமில்லை. ஒரு கார் கெடாமல் இருக்க இரண்டு காரியம் அமைய வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்த டிரைவர் ஒருவர் வேண்டும். அவரை ஓட்ட விடாமல் இருக்க வேண்டும். இந்தக் காருக்கு இரண்டும் அமைந்தன. அந்த டிரைவர்தான் பெங்களூர் ஜீவனஹள்ளி ஆம்ப்ரோஸ். காக்ஸ் டவுன் பக்கம் மடிக்கார் ஆம்ப்ரோஸ் என்றால்தான் தெரியும்.

ஆம்ப்ரோஸ் பிறந்தது பிளாக்பள்ளியில். அப்பா குதிரைப்படை லாயத்தில் குதிரை தேய்த்தவர். மகன் குதிரையை விட்டு மோட்டாருக்குத் தாவினார். முதல் யுத்தத்தில் பஸ்ராவுக்குப் போய், ரோடு என்று ஒன்று இல்லாத சேற்றிலும் மணலிலும் அடிபட்ட சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டினார். குண்டு விழுந்த பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு, விளக்கில்லாமல், பின்னால் முனகுகிறவர்களுக்கு அதிராமல் ஓட்டியவர் என்று கூட இருந்தவர்கள் சொல்வார்கள். ஊர் திரும்பியபின் ஒரு கர்னல் துரையிடம் வேலை பார்த்தார். துரை சாயங்காலம் ஆனால் எந்தப் பக்கம் போகச் சொல்வார் என்று துரைக்கே தெரியாது. அதனால் அவர் சீமைக்குக் கப்பலேறியதும், பசவனகுடியில் ஒரு பெரிய மனிதர் வீட்டில் டிரைவர் வேலை என்று கேள்விப்பட்டபோது ஆம்ப்ரோஸின் மனைவி பியாட்ரிஸ் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

அந்தப் பெரிய மனிதர்தான் வைத்தீஸ்வரய்யர். மைசூர் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து, ஜரிகைத் தலைப்பாகையோடு ஓய்வு பெற்றவர். சட்டம் தெரிந்தவர், ஷேக்ஸ்பியர் தெரிந்தவர், தேசம் முன்னேற வேண்டும் என்று கிளப்பில் பேசுகிறவர். வாழ்நாளில் ஒரே ஓர் ஆசை அவருக்கு மிச்சமிருந்தது, சொந்தமாக ஒரு கார். அதற்கு ஒரே ஒரு தடங்கல், தோல்.

அவருடைய சம்சாரம் பாகீரதி அம்மாள் மடி. குளித்துவிட்டு உலர்ந்த புடவை உடுத்தி, யார்மீதும் எதன்மீதும் பட்டுக்கொள்ளாமல் இருப்பது மடி. காரில் ஸீட் என்பது தோல். செத்த மாட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு கோயிலுக்குப் போவதா என்று அந்த அம்மாள் கேட்டதும், ஷேக்ஸ்பியர் தெரிந்தவருக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் காலத்தில் பெரிய கார் வாங்குகிறவர்கள் சீமையிலிருந்து என்ஜினும் சக்கரமும் அடிச்சட்டமுமாக வரவழைத்து, மேல் கூண்டை நம் ஊரில் தங்கள் இஷ்டப்படி கட்டிக்கொள்வார்கள். வைத்தீஸ்வரய்யரும் அப்படியே செய்தார். சீமைக் கம்பெனியின் பெயரைச் சொன்னால் மோட்டார் தெரிந்தவர்கள் எழுந்து நிற்பார்கள், அதனால் சொல்லாமல் விடுகிறேன்.

கூண்டு கட்டியவர்கள் மதராஸ்காரர்கள். அய்யர் எழுதி அனுப்பிய கட்டளைகளைப் பார்த்த அங்கிருந்த வெள்ளைக்கார மேஸ்திரி, இது கார்தானா என்று இரண்டு முறை கேட்டு எழுதினாராம். பின் ஸீட்டில் தோல் ஒரு துளி கூடாது, காஷ்மீர்க் கம்பளி போர்த்த வேண்டும், கம்பளிக்குத் தீட்டு இல்லை. தலைப்பாகை இடிக்காமல் கூரை ஒரு முழம் உயர வேண்டும். வெள்ளிக் கூஜா வைக்கத் தேக்கில் மாடம், குங்குமச்சிமிழுக்கு ஒரு குட்டி அலமாரி. எல்லாவற்றுக்கும் மேலாக, டிரைவருக்கும் பின் ஸீட்டுக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கனத்த கண்ணாடி. டிரைவர் விடுகிற மூச்சு அம்மாளுக்கு வரக்கூடாது. முன் ஸீட் மட்டும் சீமையிலிருந்து வந்த தோலாகவே இருந்துவிட்டது. டிரைவருக்கு எதற்குக் கம்பளி?

இப்படியாக, பாதி மடியும், மடியில்லாத பாதி விழுப்புமாக ஒரு கார் பெங்களூர் வந்து சேர்ந்தது. கறுப்பும் கிளிப்பச்சையுமாக அது பசவனகுடித் தெருவில் திரும்பியபோது பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதைப்போல் இன்னொன்று இந்தியாவில் கிடையாது என்று அய்யர் சொல்லிக்கொள்வார். உண்மைதான். இன்னொருவருக்கு எதற்கு அப்படி ஒன்று?

காரை ஓட்டத் தோல் தடையாக இல்லாமல் போனபின், பஞ்சாங்கம் தடையாக வந்தது. திங்களும் சனியும் கிழக்கே சூலம், செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். பசவனகுடியிலிருந்து மனிதர்கள் போகக்கூடிய இடமெல்லாம் வடக்கிலும் கிழக்கிலும்தான் இருந்தன. மீதி நாளில் ராகுகாலம் உண்டு, எமகண்டம் உண்டு, அஷ்டமி உண்டு. எல்லாம் கூடி வந்த நாளில் மழை தூறும். மழை இல்லாவிட்டால் புழுதி. மாதத்தில் நாலு நாள் அந்தக் கார் ஓடினால் பெரிய காரியம். மற்ற நாளெல்லாம் வைத்தீஸ்வரய்யர் ஜட்காவில் கிளப்புக்குப் போய், தம்முடைய காரைப் பற்றிப் பேசிவிட்டு வருவார்.

முதல் வருஷம் ஆம்ப்ரோஸுக்குக் கை ஊறல் எடுத்தது. ஒசூர் ரோட்டில் விட்டால் அத்திபெலே சுங்கச்சாவடியில்தான் பிரேக் போட வேண்டும், அப்படிப்பட்ட என்ஜின் அது. ஒரு நாள் தைரியமாக, வண்டியை அடிக்கடி ஓட்டாவிட்டால் என்ஜின் கெட்டுப்போகும் என்று அய்யரிடம் சொல்லியும் பார்த்தார். அய்யர் யோசித்து, தினமும் காலையில் ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து சிறிது நேரம் வைத்திருக்கச் சொன்னார். நின்ற இடத்திலேயே ஓடுகிற காருக்கு எந்தத் திசையிலும் சூலம் கிடையாது.

ஆகவே பஸ்ராவில் குண்டுக்கு நடுவே ஓட்டியவர், பசவனகுடி ஷெட்டில் துணியும் கையுமாக உட்கார்ந்தார். துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். மனிதனுக்கு ஒரு வேலை மறுக்கப்பட்டால், கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு அதையே மோட்சம் என்று நினைத்துக்கொள்வான். ஆம்ப்ரோஸுக்கும் அதுதான் நடந்தது. தெருவில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்களை விரட்டுவதில் அவர் ருசி கண்டார். தமிழில் தொடாதே என்பார், கன்னடத்தில் முட்டபேடா என்பார், சாயபு யாராவது வந்தால் ஹாத் நக்கோ லகாவ் என்பார், வெள்ளைக்காரனுக்கு ப்ளீஸ் சேர்த்து இங்கிலீஷில் சொல்வார். வேறு எதற்கும் அவர் நாலு பாஷை பேசி நான் கேட்டதில்லை.

ஒரு முறை அய்யரின் கிளப் சிநேகிதர் சீனிவாசராகவன், பூட்ஸ் காலோடு பின் கதவைப் பிடித்து ஏறப் போனார். அவரும் சமஸ்தானத்தில் பெரிய வேலை பார்த்தவர்தான். ஆம்ப்ரோஸ் குறுக்கே வந்து நின்று, பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறும்படி பணிவாகச் சொன்னார். பணிவுதான், ஆனால் நகரவில்லை. சீனிவாசராகவன் நடுத்தெருவில் ஒற்றைக் காலில் நின்று பூட்ஸ் கயிற்றை அவிழ்த்ததை பசவனகுடியே பார்த்தது. வைத்தீஸ்வரய்யர் சிநேகிதரிடம் மன்னிப்புக் கேட்டார், உள்ளே போய் டிரைவருக்கு ஒரு டம்ளர் காப்பி அனுப்பச் சொன்னார். பாகீரதி அம்மாள் அன்றைக்கு முதல்முறையாக ஆம்ப்ரோஸைப் பெயர் சொல்லி விசாரித்தாள். அதற்கு மேல் அந்த மனிதரைக் கையில் பிடிக்க முடியுமா? காற்று பலமாக அடித்தால் வண்டி எடுக்க வேண்டாம் என்று அவரே அய்யருக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் ஆண்கள் கூடினால் பேச்சு மடிக்காரைப் பற்றித்தான். கம்பளி எப்படி இருக்கும், கூஜா ஆடாதா, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அம்மா எப்படிக் கூப்பிடுவார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். தபால் ஆபீஸ் குமாஸ்தாக்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் கைகட்டி நின்று கேட்க, ஆம்ப்ரோஸ் சொல்வார். அத்தனை பேருக்கும் சொன்ன மனிதர், தம் மனைவியையோ ஒரே மகள் கேத்தரினையோ ஒரு தடவைகூட அந்தக் காரின் அருகில் அழைத்துப் போனதில்லை. கேத்தரின் அந்தக் காரைக் கேட்டே வளர்ந்தாள். மற்றப் பிள்ளைகள் ராஜா ராணிக் கதை கேட்ட வயதில் அவள் கம்பளி ஸீட்டுக் கதை கேட்டாள். கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, நாலு பேருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற காலத்திலும், அந்த ஸீட்டில் ஒரு தடவை உட்கார வேண்டும் என்ற ஆசை அவளுக்குப் போகவில்லை. வெளியே சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

அவளுக்கு ஓஸ்வால்ட் என்ற தபால் ஆபீஸ் பையனோடு சம்பந்தம் கூடியது. கோவிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்த மறுநாள், ஆம்ப்ரோஸ் பழமும் கற்கண்டுமாக அய்யர் வீட்டுக்குப் போனார். வைத்தீஸ்வரய்யர் அன்றைக்கு நல்ல மனதோடு இருந்தார். பெண்ணை நம் காரிலேயே கோவிலுக்கு அழைத்துப் போ என்று சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. இரண்டு ஆண்களும் உள்கதவைப் பார்த்தார்கள்.

பாகீரதி அம்மாள் கதவருகே வந்து நின்றாள்.

"பின் ஸீட்லயே ஒக்காத்தி வச்சு அழைச்சுண்டு போ, ஆம்ப்ரோஸ். கல்யாணப் பொண்ணு. நான் மேல ஒரு பட்டு விரிச்சுத் தரேன்" என்றாள்.

அந்தச் செய்தி அன்று சாயங்காலத்துக்குள் காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி முழுக்கப் பரவிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கேத்தரின் கல்யாணப் புடவையைவிடக் காரைப் பற்றித்தான் அதிகம் நினைத்தாள் என்று அவளுடைய தோழி பவுலின் கேலி செய்வாள். கேத்தரின் மறுக்கவில்லை.

கல்யாணம் திங்கட்கிழமை. கிழக்கே சூலம். அதற்குப் பரிகாரம் உண்டு, தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் தோஷம் இல்லை. காலையில் ஆம்ப்ரோஸ் ஷெட்டிலிருந்து வண்டியை எடுக்கும்போது, சமையல்காரர் ஒரு கரண்டி தயிரோடு வந்து நின்றார். ஆம்ப்ரோஸ் திகைத்தார். பூசையில் நன்மை என்கிற நற்கருணை வாங்க வேண்டுமானால் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. மகளின் கல்யாணப் பூசை. மகளும் மாப்பிள்ளையும் பியாட்ரிஸும் நன்மை வாங்கும்போது அவரும் பக்கத்தில் முழங்காலில் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் அய்யர் புரிந்துகொண்டிருப்பார். தயிரை வேறு யாராவது சாப்பிட்டிருக்கலாம். ஆனால் ஆம்ப்ரோஸ் நினைத்தது காரைத்தான். சூலத்தில் எடுத்த வண்டிக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? கையை நீட்டித் தயிரை வாங்கிக் குடித்துவிட்டார்.

ராகுகாலத்துக்கு முன்பே கிளம்பி, ஊரைக் குறுக்கே கடந்து, கார் ஜீவனஹள்ளிச் சந்துக்குள் நுழைந்தது. சந்தில் நிற்க இடமில்லாமல் ஜனம். பின் ஸீட்டில் அரக்குப் பட்டு விரித்திருந்தது. கேத்தரின் வெள்ளைப் புடவையும் தலையில் முக்காட்டு வலையுமாக வெளியே வந்தாள். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கிய வெள்ளை ஷூ காலில் இருந்தது. பியாட்ரிஸ் பின்னால் வலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆம்ப்ரோஸ் பின் கதவைத் திறந்தார். திறந்தவர் வழியை விடவில்லை. ஷூவைக் கழற்றச் சொன்னார். கேத்தரின் உடனே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பூச்செண்டில் தண்ணீர் சொட்டுகிறது என்றார். அவள் அதைப் பவுலினிடம் கொடுத்தாள். முகத்துப் பவுடர் பட்டில் உதிருமே என்றார். இத்தனை வருஷமாக அந்தக் கதவில் அவர் ஒரே வேலைதான் செய்திருந்தார், ஏறத் தகாதவர்களைத் தடுப்பது. யார் வந்து நின்றாலும் இவர் யார், ஏறலாமா என்று எடை போட்டே அந்தக் கண்கள் பழகியிருந்தன. இப்போது எடை போட்டுப் பார்த்தபோது, எதிரே நின்றது டிரைவரின் மகள். சீனிவாசராகவனையே பூட்ஸைக் கழற்ற வைத்தவர் டிரைவர் மகளை எப்படி ஏற்றுவார்? அவருக்கு மனம் வரவில்லை.

"முன்னாடி ஒக்காரும்மா. எம்பக்கத்துல. அதுவும் நல்ல ஸீட்டுதான்" என்றார்.

கேத்தரின் அவரையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"அந்தம்மா ஒக்காரச் சொன்னாங்க. நீங்கதானப்பா வேணாங்கிறீங்க."

பியாட்ரிஸ் மகளின் கையைப் பிடித்து, அத்தைமாருக்காக வந்து நின்ற ஜட்காவை நோக்கி நடந்தாள். கேத்தரின் ஜட்காவில் ஏறிய பின்தான் ஷூவைப் போட்டுக்கொண்டாள்.

கோவில் நடந்தே போகிற தூரம். முன்னால் வெறும் கார், பின்னால் பெண் ஏறிய ஜட்கா. கார் வாசலில் வந்து நின்றதும் பேண்டு முழங்கியது. காருக்குள் பெண் இருப்பதாக நினைத்து ஜனம் மொய்த்துக்கொண்டு பூவை வாரி இறைத்தது. ஓஸ்வால்ட் கோட்டுப் பித்தானைச் சரிசெய்துகொண்டு வந்து, வாயெல்லாம் பல்லாகப் பின் கதவைத் திறந்தான். உள்ளே அரக்குப் பட்டு இருந்தது. அதற்குள் ஜட்கா வந்து, புழுதி அடங்குமுன் பெண் இறங்கிவிட்டாள். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் கூரை உயரத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

பெண்ணைக் கைபிடித்து உள்ளே அழைத்துப்போக வேண்டியவர் அப்பா. கேத்தரின் படிக்கட்டில் நின்று காத்திருந்தாள். ஆம்ப்ரோஸ் இரண்டு அடி எடுத்து வைத்தார். திரும்பிப் பார்த்தார். மட்கார்டின்மேல் யாரோ முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தான், யாரோ கூஜா மாடத்தைப் பார்க்கக் கண்ணாடியில் மூக்கை வைத்திருந்தான். "ஏய், முட்டபேடா" என்று கத்திக்கொண்டு ஆம்ப்ரோஸ் ஓடினார். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் வந்தார்கள். கோவில் மணி அடித்தது. பியாட்ரிஸின் அண்ணன் பெர்னார்ட், தையல்காரர், அழைக்காமலே வந்து கேத்தரினுக்குக் கையை நீட்டினார். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

பூசை நடந்த நேரமெல்லாம் ஆம்ப்ரோஸ் வெளியே காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளே நன்மை மணி கேட்டபோது மட்டும் நின்று, தொப்பியைக் கழற்றினார். தயிர் குடித்தவனுக்கு உள்ளே என்ன வேலை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கையிலிருந்தது காரைத் துடைக்கிற துணி, அதனால் துடைக்கவில்லை.

சாயங்காலம் வண்டியை ஷெட்டில் விட்டபோது பாகீரதி அம்மாள் வந்து நின்றாள். இதற்கு முன் அந்த அம்மாள் ஷெட்டுக்கு வந்ததே இல்லை.

"கொழந்தை சௌகரியமா ஒக்காந்துண்டாளா?" என்று கேட்டாள்.

ஆம்ப்ரோஸ் தரையைப் பார்த்தார். "ஒக்காந்துச்சும்மா" என்றார்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. சந்தோஷத்தில் பொய் இல்லை. அதற்குப் பின் வந்த மடிப் பழக்கத்திலும் பொய் இல்லை. அந்தப் பட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெண்ணிடமே கொடுத்துவிடச் சொன்னாள், அவள் உட்கார்ந்தது இனி இந்த வீட்டில் மடிக்கு ஆகாது, அவளுக்குச் சீராக இருக்கட்டும் என்றாள். ஒரே வாக்கியத்தில் ஆசீர்வாதமும் தீட்டும். ஆம்ப்ரோஸுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. யாரும் உட்காராத பட்டை ஓரம் பார்த்து மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் விருந்து முடிந்து எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். மகளும் தன் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். ஆம்ப்ரோஸ் பட்டை நீட்டி, ஷெட்டில் நடந்ததைச் சொன்னார், பொய் சொன்னதையும் சொன்னார். பியாட்ரிஸ் திட்டவில்லை. பட்டை உதறி, எச்சிலும் சோற்றுப் பருக்கையும் இன்னும் பெருக்காத தரையில் நடு வீட்டில் விரித்தாள். அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் விட்டுக் கையால் தட்டினாள்.

"ஒக்காருங்க" என்றாள்.

ஆம்ப்ரோஸ் தம் காலைக் குனிந்து பார்த்தார். பூட்ஸைக் கழற்றினார். காலைக் கழுவிவிட்டு வந்தார். பியாட்ரிஸ் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் சுவரோரமாக வந்து, விரிப்பின் ஓரம் படாமல், வெறும் தரையில் உட்கார்ந்தார்.